டர்பனில் பழைய கோல்ஃப் செட் வாங்குகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்: என் 8,500 ராண்ட் போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து தாறுமாறாகத்தான் வரும். எந்த மட்டை எதற்கு என்று தெரியாமல் வாங்கப் போகிறவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கடையின் பெயர் போடவில்லை, பழைய விளையாட்டுச் சாமான் விற்கிற கடை, அவ்வளவு போதும்.

மகன் ரெசர்வாய்ர் ஹில்ஸில் பாப்வா சிவ்கோலம் மைதானத்தில் பழகுகிறான். இரவல் மட்டையில் எத்தனை நாள் ஆடுவான் என்று முழு செட் தேடிப் போனோம். கடைக்காரர் "வாங்க அக்கா" என்று தமிழில் கூப்பிட்டார். இங்கே தமிழ் காதில் விழுவதே அபூர்வம், சுவரில் முருகன் படம் வேறு. அப்புறம் பாப்வா கதையை எடுத்தார், அந்த மைதானத்துக்கே பெயரான, நம் இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர். 1963-ல், நிறவெறிக் காலத்தில், நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை ஜெயித்த மனிதருக்கு, வெள்ளைக்காரர்கள் உள்ளே இருக்க, வெளியே மழையில் நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்களே, அதை நாம் மறக்க முடியுமா அக்கா, உங்க பையனுக்கு நான் குறை வைப்பேனா என்றார். கண் கலங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே போனில் 8,500 ராண்ட் அனுப்பினேன். பாப்வா பட்ட அவமானத்தைச் சொல்லி ஒருத்தர் கல்லா கட்டுவார் என்று யார் நினைப்பார்கள்?

"14 மட்டை, ரூல்ஸ்படி முழு செட்" என்றார். 14 இருந்தது உண்மைதான். மகனுடைய கோச் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். தூரத்துக்கு அடிக்கிற டிரைவர் டைட்டேனியமாம், காந்தத்தை வைத்தால் கப்பென்று ஒட்டுகிறது! டைட்டேனியத்தில் காந்தம் ஒட்டாது. பெரிய பிராண்டின் போலி.

அதைவிட அயோக்கியத்தனம் ஐயன்களில், அதாவது எண் போட்ட உலோகத் தலை மட்டைகளில். எண்கள் வரிசையாகத்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டு வேறு செட்டைக் கலந்து போட்டிருக்கிறார். ஐயனில் எண் ஏற ஏற முகத்தின் சாய்வு கூடும், பந்து உயரமாகப் போய்க் கிட்டத்தில் விழும், எண்ணுக்கு எண் சுமார் பத்து மீட்டராவது வித்தியாசம் வர வேண்டும். அந்தக் காலத்து 7-ஆம் எண் ஐயனின் சாய்வு 35 டிகிரி பக்கம், இப்போது வருகிற பல 7-களில் 30 தான். பழைய 7-ஐயும் புது 8-ஐயும் ஒரே பையில் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். மணல் குழியிலிருந்து பந்தை எடுக்க 56 டிகிரி பக்கத்தில் ஒரு சாண்ட் வெட்ஜ் வேண்டும், அடிப்பக்கம் தடித்திருக்கும், மணலில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். அது இல்லவே இல்லை. எண்ணிக்கையை நிரப்ப, கிரீன் ஓரத்தில், அதாவது கொடிக்குழி இருக்கிற வழவழப்பான புல்தரை ஓரத்தில், தட்டிவிடுகிற சிப்பர் இரண்டு. ஒன்றே அதிகம்! தண்டுகளெல்லாம் ஸ்டிஃப், அதிகம் வளையாத விறைப்பு ரகம், வேகமாக வீசுகிற பெரியவர்களுக்கு ஆனது, என் மகனோ இன்னும் பள்ளிக்கூடம் போகிறவன்.

கடைக்குப் போன் செய்தால் "பாஸ் ஜோஹனஸ்பர்க் போயிருக்கார்". வாட்ஸாப்பில் நீல டிக், பதில் இல்லை. நேரில் போனேன். அதே மனிதர், இப்போது அக்கா இல்லை, "மேடம்". ஆடத் தெரிந்தவனுக்கு எந்த மட்டையும் போதுமாம், பாப்வா கையை மாற்றிப் பிடித்தே ஜெயிக்கவில்லையா என்று சிரிக்கிறார். ரசீதில் ஃபூட்ஸ்டூட்ஸ் என்று அச்சடித்திருப்பதைக் காட்டி, உள்ளது உள்ளபடி விற்றது, 8,500 ராண்ட் திரும்ப வராது என்றார். அப்படிப் பொத்தாம்பொதுவாக அச்சடித்தால் போதாது, இன்ன குறை இருக்கிறது என்று விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம் என்று நுகர்வோர் சட்டமே சொல்கிறது. வாங்கியவர்களின் புகாரை விசாரிக்கிற நுகர்வோர் பொருள் ஆம்பட்ஸ்மனுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பட்டர், ஹைபிரிட் என்கிற மற்ற மட்டைகளையெல்லாம் விளக்க இப்போது பொறுமையில்லை. சுருக்கமாக: பையில் ஒரு காந்தம் போட்டுக்கொண்டு போங்கள். எல்லா ஐயனிலும் ஒரே பெயர், ஒரே தேய்மானம் இருக்கிறதா பாருங்கள். மட்டைகளைக் கோச்சிடம் காட்டும் வரை பணம் அனுப்பாதீர்கள். கடைக்காரர் பாப்வா கதையைத் தொடங்கினால் கிளம்பிவிடுங்கள்.