பகானில் நடக்க ஒரே நாள்: ஆற்றோரமா, மின்னந்துவா?

போப்பா மலையிலிருந்து பர்மாவின் பழைய தலைநகரான பகானுக்கு நடந்தால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பனந்தோப்பும் கருப்பட்டிக் கொட்டகையுமாக வழி நன்றாகவே இருக்கும். ஊர் வந்து சேரும்போது கால் ஓய்ந்திருக்கும். அந்தக் காலோடு, 3,500-க்கும் மேற்பட்ட கோயில்களும் தூபிகளும் பரவிக் கிடக்கும் சமவெளி முழுவதையும் சுற்ற முடியாது. யாங்கோனிலிருந்து (பழைய பெயர் ரங்கூன்) வரும் நம் தமிழர்கள் பெரும்பாலும் இ-பைக் என்ற மின்சார வண்டி எடுத்துவிடுகிறார்கள். கடைசிவரை நடைதான் என்பவர் முன்னால் இரண்டு வழிகள்: பழைய பகானிலிருந்து தெற்கே மியின்கபா கிராமம் வரை ஐராவதி ஆற்றோரமாகப் போவது, அல்லது உள்ளே தள்ளி மின்னந்து கிராமத்துப் பக்கம் போவது.

மின்னந்துவில் அமைதி கிடைக்கும். கூட்டம் குறைவு, தார்ச்சாலை விட்டு மண்பாதை. மூன்று கருவறைகளை இணைத்துக் கட்டிய பயாதோன்சு, 1255-இல் அரசி கட்டிய தம்புலா ஆகிய இரண்டு கோயில்களிலும் சுவரோவியங்கள் உண்டு. பயாதோன்சுவின் மூன்றாவது கருவறையில் ஓவிய வேலையே முடியவில்லை. வெறுஞ்சுவரைப் பார்த்தபடி நிற்கையில் பகான் அரசின் கடைசிக் காலம் புரியும். ஆனால் சில கோயில்கள் பூட்டியிருக்கும், சாவிக்காரரைத் தேட வேண்டும். நிழலும் கம்மி.

ஆற்றோரப் பாதை இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் அடிக்கு அடி விஷயம். பழைய மதிலுக்குள் நத்லாவ்ங் சாவ்ங்: பகானில் இன்றும் நிற்கும் விஷ்ணு கோயில், வெளிச்சுவரில் தசாவதாரச் சிற்பங்களில் சில மிச்சம். தெற்கே போனால் மியின்கபா. அங்கே நான்கு முகத்துப் பிரம்மனைக் கல்லில் செதுக்கிய நன்பயா கோயில். பக்கத்தில் மனுஹா: சிறைபட்டு வந்த மொன் இனத்து அரசன் கட்டியதாகச் சொல்வார்கள், பெரிய புத்தர்கள் மூச்சுமுட்டும் அறைகளில் அடைந்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி மியாசேதி கல்வெட்டு, 1113-ஐ ஒட்டியது. பியூ, மொன், பர்மியம், பாளி என்று நான்கு மொழிகளில் ஒரே செய்தி.

நம்மை நிறுத்தும் கல் இன்னொன்று. 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இந்த மியின்கபாவில்தான் கிடைத்தது. மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி, இங்கிருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் என்ற விஷ்ணு கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, விளக்கும் வைத்தார் என்கிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ரங்கூனில் கடை திறப்பதற்கு அறுநூறு ஆண்டுகள் முன்பே நம் மொழி இந்த மண்ணில் கல்லில் ஏறிவிட்டது. பர்மாவில் பிறந்து வளரும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையையும் இந்த ஊருக்குள் ஒரு தடவை நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்பது என் ஆசை.

ஆகவே ஒரு நாள்தான் என்றால் ஆற்றோரம். இரண்டாவது நாள் கிடைத்தால் மின்னந்து, அதுவும் விடியற்காலையில். மார்ச் முதல் மே வரை இரண்டுமே வேண்டாம். எல்லாக் கோயிலிலும் செருப்போடு காலுறையையும் கழற்ற வேண்டும். சுட்ட செங்கல் தளம் நண்பகலில் கொதிக்கும். இன்றைய நிலவரத்தில் போப்பா பக்கத்துச் சாலை திறந்திருக்கிறதா என்று விசாரித்த பிறகே கிளம்புங்கள்.