எடை பார்க்காமல் எழுதிய சீட்டு

அண்ணன் மகன் வளர்க்கும் லெபர்ட் கெக்கோ என்ற பல்லியைக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நாய்களை எடை பார்க்கும் மேடையில் வைத்தார்கள். திரையில் சுழி. மறுபடி வைத்தார்கள், மறுபடியும் சுழி. "சின்ன உயிர்தானே, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு மருத்துவர் குடற்புழு மருந்துக்குச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

எனக்குக் கொதித்துவிட்டது. நன்றாக வளர்ந்த கெக்கோவே பெரும்பாலும் 50 முதல் 80 கிராம்தான். அந்த உடம்புக்குக் குத்துமதிப்பாக மருந்து கொடுப்பதா? நான் வசிக்கும் நாட்டில், நேரம் குறிக்கும்போதே எச்சம் கொண்டுவரச் சொல்வார்கள். உள்ளே நுழைந்ததும் கிராம் தராசு. மருந்துப் பேச்சு அதற்கப்புறம்தான். இங்கே எச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கால மாட்டு வைத்தியர் சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்க்காமல் வாயே திறக்க மாட்டாரே! அந்தப் பொறுமை எங்கே போயிற்று?

"சித்தப்பா, நன்றாகத்தான் சாப்பிடுகிறது, ஆனாலும் வால் மெலிகிறது" என்று பையன் சரியாகவே கவனித்திருந்தான். இந்த இனம் கொழுப்பைச் சேர்த்துவைப்பது வாலில்தான். தின்றும் வால் இளைப்பது, எச்சம் இளகி நாறுவது, தின்றதைக் கக்குவது எல்லாம் புழுவாலும் வரும், காக்சிடியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியாலும் வரும், அதே போன்ற கிரிப்டோஸ்போரிடியத்தாலும் வரும். பெட்டியில் சூடு போதாமல் செரிக்காவிட்டாலும் கக்கும். வெளியே பார்த்துப் பிரித்தறிய முடியாது. புழுவுக்கான மருந்தோ காக்சிடியாவை அசைக்காது.

சீட்டை அங்கேயே விட்டுவிட்டு, விசாரித்து வேறோர் இளம் மருத்துவரிடம் போனோம். தொலைபேசியிலேயே அவர், "புதிய எச்சமாக எடுத்துக் காயாமல் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறையவிட வேண்டாம்" என்றார். அப்போதே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

அடர்ந்த உப்புக் கரைசலில் எச்சத்தைக் கலக்கி, முட்டைகள் மேலே மிதந்து வரும்வரை காத்திருந்தார். பிறகு நுண்ணோக்கியில் எங்களையும் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருந்த முட்டைகள், கண்ணுக்குப் பட்ட இடமெல்லாம். "கீரிப்புழு வகை. கொஞ்சம் இருந்தால் இந்த உயிர் தாங்கிக்கொள்ளும். இவ்வளவு இருக்கக் கூடாது" என்றார். அவரிடம் கிராம் தராசு இருந்தது. 41 கிராம்.

அந்த எடைக்குக் கணக்கிட்டு ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்தார். இடைவெளி விட்டு மறுவேளை, அதன்பின் மறுபடி எச்சப் பரிசோதனை. முட்டைகள் திரும்ப வாய்க்குள் போகாமலிருக்க, தரையில் மண்ணை எடுத்துவிட்டுத் தாள் விரித்து, எச்சத்தை அன்றன்றே அகற்ற வேண்டும். எடை ஏறாவிட்டால் கிரிப்டோவுக்குத் தனியாக, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை. அந்தக் கிருமி எச்சத்தில் எப்போதும் வெளிப்படாது. ஒரு முறை இல்லையென்று வந்தாலும் நம்பிவிட முடியாது. அதை உறுதியாக ஒழிக்கும் மருந்தும் இல்லை. அதனால் இப்போதைக்குப் பக்கத்துப் பெட்டியிலிருக்கும் இன்னொரு கெக்கோவைக் கையைக் கழுவாமல் தொடக்கூடாது, இடுக்கியும் தண்ணீர்க் கிண்ணமும் இரண்டுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.