போக்கர்: ஆறு வருஷம், 62,000 கை, மைனஸ் 8,400

2023 தீபாவளிக்கு முந்தைய வாரம், பெங்களூரு பொம்மனஹள்ளியில் எங்கள் ரூமில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். ஆறு பேரும் தமிழ்ப் பசங்க, ஆறு பேரும் காசு கட்டி ஆடும் போக்கர் சீட்டாட்டத்தை ஆன்லைனில் ஆடுபவர்கள். பேச்சுவாக்கில், "மொத்தத்துல நீங்கல்லாம் பிளஸ்ஸா மைனஸாடா?" என்று கேட்டேன். நாலு பேர் பிளஸ் என்றார்கள். ஒருத்தன் "சரிக்குச் சரி மச்சான்" என்றான்.

"சரி, பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறங்க."

ஆப்புக்குப் போன பணம், ஆப்பிலிருந்து வந்த பணம், ஒரு கழித்தல். அரை மணி நேரத்தில் பிளஸ்ஸில் மிஞ்சியது ஒரே ஒருத்தன். அவனும், 550 ரூபாய் டோர்னமென்ட் ஒன்றில் முதலிடம் வந்து வாங்கிய 40,000-ஐக் கழித்துவிட்டால் எங்கள் கட்சிதான். யாரும் பொய் சொல்லவில்லை. ஜெயித்த ராத்திரி மனசில் நிற்கிறது. ஐந்நூறு ஐந்நூறாக ஜிபேயில் போனது நிற்பதில்லை.

புதிதாக ஆட வருபவர்கள் எல்லாரும் கேட்பது, நூற்றுக்கு எத்தனை பேர் ஜெயிக்கிறார்கள் என்பது. பத்தில் ஒருத்தர், இருபதில் ஒருத்தர் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எவ்வளவு காலத்துக் கணக்கு என்று கேட்காமல் சொல்லும் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை. ஒரு ராத்திரி என்றால் மேஜையில் பாதிப் பேர்கூட லாபத்தோடு எழுந்திருக்கலாம். டோர்னமென்ட் என்றால் பரிசு கிடைப்பதே பொதுவாக 10 முதல் 15 சதவீதம் பேருக்குத்தான், மற்றவர்களுக்கு கட்டிய பணம் போச்சு. வருஷக்கணக்கில் பார்த்தால் லாபத்தில் இருப்பவர்கள் இன்னும் சுருங்கிவிடுவார்கள்.

எனக்கு டெஸ்டிங் வேலை, எதையும் லாக் போட்டே பழக்கம். 2019-லிருந்து எக்செல் ஷீட் வைத்திருந்தேன். 5/10 பிளைண்ட் (ஆட்டம் தொடங்குமுன் ரெண்டு பேர் கட்டாயமாக வைக்க வேண்டிய 5, 10 ரூபாய்) கேஷ் டேபிள், வெள்ளி சனி ராத்திரி மட்டும், மொத்தம் சுமார் 62,000 கை (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடினால் ஒரு கை). எதிரில் ஆடியவர்களிடம் ஜெயித்தது 31,000 ரூபாய். ஆப் எடுத்த கமிஷன், அதாவது ரேக், 43,400. அதில் ரேக்பேக் என்ற பெயரில் திரும்பி வந்தது 4,000. ஆக, மைனஸ் 8,400.

ரேக் என்ன செய்யும் என்பது ஒரே ஒரு கையில் எனக்குப் புரிந்தது. என்னிடம் குயின் ஜோடி, எதிராளியிடம் ஏஸ்-கிங். மேஜையில் பொதுச் சீட்டு விழுவதற்கு முன்னாலேயே ஆளுக்கு 400 போட்டு ஆல்-இன், அதாவது இருந்த மொத்தமும் உள்ளே. பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், 800. இந்த மோதல் நூறு தடவை நடந்தால் சுமார் 55 தடவை நான் ஜெயிப்பேன். அதாவது 800-இல் என் பங்கு 440, சராசரி லாபம் 40. ஆனால் 5 சதவீத ரேக் போய் ஜெயித்தவன் கைக்கு வருவது 760. அதில் 55 சதவீதம் 418. லாபம் 40-லிருந்து 18 ஆகிவிட்டது. தப்பே செய்யாமல் ஆடியும் பாதிக்கு மேல் காலி. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இதுதான்.

அப்படியென்றால் எல்லாம் அதிர்ஷ்டமா? இல்லை. அமெரிக்காவில் நடக்கும் பெரிய போக்கர் போட்டியான வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கரின் 2010 முடிவுகளை ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். முன்கூட்டியே திறமைசாலிகள் என்று குறிக்கப்பட்டவர்களுக்குப் போட்ட பணத்தில் சராசரியாக 30 சதவீதத்துக்கு மேல் லாபம். மற்ற எல்லாருக்கும் 15 சதவீதம் நஷ்டம். திறமைக்குக் கூலி உண்டு, அதைத் தருவது மிச்சப் பேர்.

நான் எந்தப் பக்கம் என்பதுதான் சிக்கல். இந்த ஆட்டத்தில் நூறு கைக்கு 90 பிக் பிளைண்ட் (என் மேஜையில் ஒரு பிக் பிளைண்ட் 10 ரூபாய்) அளவுக்கு ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது ஏற்ற இறக்கம், இருப்பது சகஜம். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 62,000 கைக்குப் பிறகும் வெறும் சீட்டு விழுந்த விதத்தால் மட்டுமே நூறு கைக்கு ஏழு பிளைண்ட் மேலேயோ கீழேயோ போயிருக்கலாம். என் நஷ்டம் ஒன்றரை பிளைண்ட்கூட இல்லை. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்காதான் தள்ளியதா என்று ஆறு வருஷத்து ஷீட்டாலும் சொல்ல முடியவில்லை.

நடுவில் ஒரு கூத்து. 2020 நவம்பரில் தமிழ்நாடு தடை போட்டபோது ஓசூர் நண்பன் அத்திப்பள்ளி தாண்டி எங்கள் ரூமுக்கு வந்து ஆடுவான். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது; அக்டோபரில் கர்நாடகம் தடை போட்டது. உடனே நாங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு ஓசூர் போனோம்! 2022 பிப்ரவரியில் இங்கேயும் ரத்து. பெட்ரோல் செலவை ஷீட்டில் ஏற்றவில்லை, அது என் தப்பு.

2023-இல் கணக்கு இன்னும் மோசமானது. ஏப்ரலிலிருந்து நிகர லாபத்தில் 30 சதவீதம் டிடிஎஸ். இந்த வருஷம் ஒரு லட்சம் ஜெயித்து அடுத்த வருஷம் ஒரு லட்சம் தோற்றால் ஆட்டக் கணக்கு சைபர், கட்டிய வரி 30,000 வராது. நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. அக்டோபரிலிருந்து டெபாசிட்டுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி. ஆயிரம் போட்டால் மேஜைக்கு வந்தது 781. முதலில் ஆப்காரர்கள் போனஸாக ஈடுகட்டினார்கள். சுமாராக ஆடி நூலிழையில் பிளஸ்ஸில் இருந்தவர்கள் மைனஸுக்குப் போக வேறென்ன வேண்டும்?

2025 ஆகஸ்ட் 22 அன்று ஆன்லைன் பண விளையாட்டுத் தடைச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. ஆப் கடையைக் கட்டியது. மீதி இருந்த 2,340 ரூபாயை எடுத்துக்கொண்டேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமை கூடுகிறோம். காசு கிடையாது, ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. போன வாரம் ஆட்டம் முடிந்து "யார்டா பிளஸ்?" என்றதும் வழக்கம்போல நாலு கை உயர்ந்தது. எண்ணிப் பார்த்தால் நூறைத் தாண்டியவர்கள் ரெண்டே பேர். மொத்தம் 600 இருக்க வேண்டிய இடத்தில் 598.

"ரேக் எடுத்துட்டியாடா?" என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கட்டிலுக்கடியில் கிடந்தது ரெண்டும்.