கூச்சா சௌத்ரி மாடியில் ஒரு லென்ஸ் ரிப்பேர் கடை

டெல்லியில் பழைய மேனுவல் லென்ஸ் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி மார்க்கெட் முழுக்க கேமரா கடைகள்தான், அதில் ஒரு குறுகிய படிக்கட்டில் ஏறினால் மாடியில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பெரியவர். பெயர்ப்பலகை கிடையாது. லென்ஸ் பிரிக்கிற மதராஸி எங்கே என்று கீழே கேட்டால் கை காட்டுவார்கள். பிறந்து வளர்ந்ததெல்லாம் கரோல் பாக், தமிழ் நன்றாகவே பேசுகிறார், நடுநடுவே இந்தி வந்து விழும்.

நான் கொண்டுபோனது ஹீலியோஸ் 44-2. 58 எம்எம், எஃப்/2, எம்42 மரை மவுண்ட் (கேமராவில் திருகி மாட்டுகிற வகை). ஜெர்மன் கம்பெனி ஸைஸின் பயோட்டார் லென்ஸ் வடிவமைப்பை வைத்து சோவியத் தொழிற்சாலைகள் செய்து குவித்த லென்ஸ். பின்னணி சுழல்வது போல வரும் என்பதற்காகவே இப்போது எல்லோரும் தேடி வாங்குகிறார்கள். பழைய கிரீஸ் இறுகிப்போவது இதற்கு வழக்கமான வியாதி, ஜனவரிக் குளிரில் ஃபோகஸ் ரிங் அசையவே அசையாது. அதற்காக முதலில் வேறொரு இடத்தில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். கிரீஸ் மாற்றித் தந்தார்கள், ரிங் ஜம்மென்று சுற்றியது, ஆனால் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் ஃபோகஸ் ஆகவில்லை. முகம் எடுக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது, தெருவை எடுத்தால்தான் தெரியும்.

பிறகுதான் இந்த மாடிப் பெரியவரிடம் வந்தேன். கையில் வாங்கி ரிங்கை ஒரு தடவை சுற்றிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், மரை மாறி ஏறியிருக்கிறது என்று. ஊறுகாய் பாட்டில் மூடியைப் பல இடத்தில் வைத்துத் திருகலாம் இல்லையா, ஃபோகஸ் செய்யும்போது லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துகிற ஹெலிகாய்டும் அந்த மாதிரி பல வாய் உள்ள மரைதான், எந்த வாயில் வைத்தாலும் ஏறிக்கொள்ளும், ஆனால் சரியான வாய் ஒன்றுதான். அதனால் பிரிக்கும்போதே, இரண்டு பாகமும் எந்த இடத்தில் கழன்று வருகிறதோ அந்த இடத்தில் ஊசியால் கோடு கீறி வைக்க வேண்டும். முந்தைய ஆள் கீறவே இல்லை. பெரியவர் ஒவ்வொரு வாயாக ஏற்றி, முழுக்க உள்ளே போகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கழற்றி, மறுபடி ஏற்றி, சலிக்காமல் செய்தார். சரியான வாய் கிடைத்ததும் முதல் வேலையாகக் கோடு கீறினார், அடுத்தவன் திட்டக்கூடாதாம்.

மரை சரியாக ஏறினாலும் வேலை முடிவதில்லை. 58 எம்எம் லென்ஸ் வெறும் 0.1 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நின்றாலே, எட்டிப் பார்க்கிற தூரம் சுமார் 34 மீட்டரோடு முடிந்துவிடும். ஆகவே இன்ஃபினிட்டியை, அதாவது வெகு தொலைவில் இருப்பது தெளிவாக விழுகிற நிலையை, தனியாகச் செட் செய்ய வேண்டும். பொதுவாக தூரத்துக் கட்டடம் ஒன்றைப் பார்த்துச் செய்வார்கள், நவம்பர் புகையில் இந்த ஊரில் எதிர் மாடியே தெரியாது, அதனால் அவர் வைத்திருக்கும் வழி வேறு. பழைய எம்42 ஃபிலிம் கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் உட்காரும் தண்டவாளத்தில் கோடு கீறிய ஒரு மங்கல் கண்ணாடியை வைத்துப் பின்னாலிருந்து விளக்கடிக்கிறார். முன்னால், இன்ஃபினிட்டியில் நிறுத்திய டெலி லென்ஸோடு (தூரத்தைக் கிட்டத்தில் காட்டுவது) ஒரு டிஜிட்டல் கேமரா, நேருக்கு நேர். நம் லென்ஸ் சரியாக இன்ஃபினிட்டியில் நின்றால் கண்ணாடியிலிருந்து வரும் ஒளி இணைகோடாக வெளியே போகும், கீறல் டிஜிட்டல் திரையில் பளிச்சென்று தெரியும். தெரிந்த அந்த நிலையில் ஹெலிகாய்டு அசையாமல் பிடித்துக்கொண்டு, ஃபோகஸ் ரிங்கின் மூன்று குட்டி ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, ரிங்கிலுள்ள இன்ஃபினிட்டி குறியை நேராக்கி இறுக்கினார். என்னையும் திரையில் பார்க்க வைத்தார். அப்புறம் ஒரு மீட்டரை டேப் வைத்து அளந்து பார்த்தார், லென்ஸ் முனையிலிருந்து இல்லை, ஃபிலிம் இருக்கும் இடத்திலிருந்து.

நான் மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில், இடையில் மாட்டும் அடாப்டர் வளையத்தோடுதான் பயன்படுத்துகிறேன், அதிலேயே செட் செய்யுங்களேன் என்றேன். "அடாப்டரை வச்சு லென்ஸைத் திருத்தக் கூடாது தம்பி. நாளைக்கு வேற அடாப்டர் வாங்குவீங்க, மறுபடியும் என்கிட்டதான் வந்து நிப்பீங்க" என்றார். நியாயம்தான். எம்42-க்கு மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மில்லிமீட்டர் என்று கணக்கு, ஆனால் பல அடாப்டர்களை இந்தக் கணக்குக்கு வேண்டியதைவிட ஒரு மயிரிழை குட்டையாகவே செய்கிறார்கள், இன்ஃபினிட்டி தவறிவிடக் கூடாது என்பதற்காக. என் அடாப்டரில் இப்போது இன்ஃபினிட்டி குறிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வருகிறது. இதைப் பார்த்துவிட்டு ரிப்பேர் சரியில்லை என்று அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

குறைகளும் உண்டு. பில் கிடையாது. போனை எடுக்கவே மாட்டார். லென்ஸைத் திறந்து பார்க்காமல் விலை சொல்ல மாட்டார் (என்னிடம் 1,500 ரூபாய் வாங்கினார், லென்ஸ் விலையோடு பார்த்தால் அதிகம்தான், ஆனால் வேலையைப் பார்த்த பிறகு பேரம் பேச மனம் வரவில்லை). ஒரு ஸ்க்ரூ தலையில் லேசான கீறல் விழுந்திருக்கிறது. ரிங் நான் விரும்புவதைவிடச் சற்று கனமாகச் சுற்றுகிறது. லேசான கிரீஸ் போட்டால் இந்த ஊர் வெயிலில் இளகி ஒளியைக் கூட்டிக் குறைக்கிற அபர்ச்சர் பிளேடில் எண்ணெய் இறங்கிவிடும் என்கிறார், சரி, மே மாதம் பார்க்கலாம். பூஞ்சை பிடித்த லென்ஸுக்கு எந்த உத்தரவாதமும் தர மாட்டார்.

ஞாயிறு போகாதீர்கள், மார்க்கெட் விடுமுறை. காலை 9 முதல் இரவு 9 வரை சாந்தினி சௌக் மெயின் ரோட்டில் மோட்டார் வண்டி போகாது, லால் கிலா மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள். லென்ஸுக்குப் பொருந்துகிற ஃபிலிம் கேமரா பாடி வீட்டில் இருந்தால், ஓடாததானாலும் பரவாயில்லை, கூடவே எடுத்துப் போங்கள். எம்42-உம் நிக்கானும் அவரிடம் இருக்கின்றன. கொனிக்கா லென்ஸோடு வந்த ஒருவரை, பாடி இல்லாமல் என்னால் முடியாது என்று என் கண் முன்னாலேயே திருப்பி அனுப்பினார்.