பத்து வருஷ வாரண்டி என்றார்கள், முதல் புயலிலேயே ஒழுகியது: மொட்டை மாடி வாட்டர்புரூஃபிங் போடப் போகிறவர்களுக்கு

ஆவணி பிறந்தால் எங்கள் பக்கம், அதாவது திண்டிவனம் சுற்று வட்டாரத்தில், பைக்கில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் கையில் கலர் கலராக அச்சடித்த நோட்டீஸ் இருக்கும். "மழைக்கு முன்னாடி மாடிய முடிச்சிடலாம் மேடம். வாட்டர்புரூஃபிங்கும் மாடித்தோட்டமும் சேர்ந்து ஒரே பேக்கேஜ்" என்பார்கள். அப்படி வந்தவர்களிடம்தான் நாங்கள் 50,000 ரூபாய் பறிகொடுத்தோம். வழக்கு நடப்பதால் அந்த ஆளின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய உபயோகமில்லை. விசிட்டிங் கார்டில் இருந்த பெயர் ஒன்று, பணம் போன நம்பரின் பெயர் வேறொன்று. ஆனால் ஏமாற்றும் முறை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அதை விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு 1998-இல் மாமா கட்டியது. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டு ஓடு பதித்திருக்கிறார்கள். அந்த வேலை இருபத்தைந்து வருஷம் உழைத்தது. பிறகு ஓடுகளுக்கு நடுவே இருந்த பூச்சு ஆங்காங்கே விட்டுப்போய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் விழுந்தது. படுக்கையறை மூலையில் ஒரு ஈரத்திட்டு தெரிய ஆரம்பித்தது. அவ்வளவுதான் எங்கள் பிரச்சினை.

வந்தவர் மாடியில் ஏறி நாலாபக்கமும் பார்த்துவிட்டு, சதுர அடி 45 ரூபாய் என்றார். 800 சதுர அடிக்கு 36,000. தோட்டத்துக்கு 14,000. வேலையில் என்னென்ன அடங்கும் என்று கேட்டதற்கு அவரே வாயால் சொன்னார்: பிரஷர் பம்பு வைத்துப் பாசி போகக் கழுவுவது, விரிசலை வெட்டித் திறந்து அடைப்பது, பிரைமர் ஒரு கோட், மேலே இரண்டு கோட், மூலைகளில் ஃபைபர் வலை. சொன்னதெல்லாம் சரியான வேலை முறைதான், அதில் தப்பே இல்லை. எழுத்தில் கொடுங்கள் என்று என் கணவர் கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போனது. "பில்லு போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும் சார். உங்களுக்கு எதுக்கு வீண் செலவு? வாரண்டி கார்டு தர்றேன், லேமினேட் பண்ணியே தர்றேன்." முன்பணம் 30,000 ரூபாயைத் "தம்பி நம்பர்" என்று ஒரு ஜிபே நம்பருக்குப் போடச் சொன்னார்.

பில் வேண்டாம் என்று அவர் இழுத்தது வரியை மிச்சம் பிடிக்க என்று நினைக்காதீர்கள். பில்லில் முகவரி இருக்கும், ஜிஎஸ்டி எண் இருக்கும், என்ன வேலை என்று எழுதியிருக்கும். நாளைக்கு நோட்டீஸ் அனுப்ப நமக்கு அந்த மூன்றும் வேண்டும். அவருக்கு அந்த மூன்றும்தான் கூடாது.

வேலை நடந்த அன்று நாங்கள் இருவரும் ஆபீஸில். வீட்டில் அத்தை மட்டும். பிரஷர் பம்பு வரவில்லை, துடைப்பத்தால் கூட்டியதோடு சரி என்று அத்தை சாயங்காலம் சொன்னார். முந்தின நாள் ராத்திரி தூறல் போட்டு ஓடெல்லாம் ஈரமாக இருந்தது, அதன்மேலேயே அடித்தார்கள் என்றும் சொன்னார். "ஏம்பா, காயட்டுமே" என்று அவர் கேட்டதற்கு, "இது தண்ணிக்குன்னே உள்ள கெமிக்கல்மா, ஈரத்துல அடிச்சாதான் பிடிக்கும்" என்று பதில் வந்திருக்கிறது. சிமென்ட் கலந்து பூசும் சில பூச்சுகளுக்குத் தளத்தை லேசாக நனைப்பது உண்டு. எங்கள் மாடியில் அடித்தது வாளியில் ரெடிமேடாக வரும் அக்ரிலிக் பூச்சு. அதற்குத் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்று அந்த வாளியிலேயே அச்சடித்திருக்கிறது. உள்ளே ஈரத்தை வைத்து மேலே மூடினால், வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும். அப்போது பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். எங்கள் மாடியில் இரண்டே வாரத்தில் எழும்பியது.

அளவுக் கணக்கும் இடித்தது. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் 25 சதுர அடி வரும் என்று வாளியில் போட்டிருந்தது. 800 சதுர அடிக்கு 32 லிட்டர் வேண்டும். வந்தது 20 லிட்டர் வாளி இரண்டு. கணக்குப்படி தாராளம். ஆனால் ஒன்றுதான் சீலோடு வந்தது. மற்றது ஏற்கெனவே திறந்த வாளி, உள்ளே இருந்தது மோர் மாதிரி நீர்த்துப் போயிருந்தது என்றார் அத்தை. அவர் ஃபோனில் எடுத்து வைத்த படம் இன்றைக்கு எங்கள் புகாரில் முக்கியமான ஆவணம். நீங்களும் சீல் உடைப்பதற்கு முன் வாளியின் பேட்ச் எண்ணையும் தயாரிப்புத் தேதியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடைப்பது உங்கள் கண் முன்னால் நடக்கட்டும்.

பூச்சு அடித்த மறுநாளே தோட்டத்தையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பைகளுக்கு அடியில் ஸ்டாண்டு வைப்பதாகப் பேச்சு. வைக்கவில்லை. புதுப் பூச்சின்மேல் பைகளை அப்படியே தரையோடு அடுக்கிவிட்டுப் போனார்கள். அதிலும் வரிசையாக இருக்கட்டும் என்று மழைத்தண்ணீர் பைப் இருக்கிற சுவரோரமாக! பையில் இருந்தது செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சரிசமமாக என்று சொன்ன கலவை. கையை விட்டுக் கிளறினால் இடித்த கட்டட மண். சுண்ணாம்புக் கட்டியும் ஓட்டுத்துண்டும் வந்தன. நார்க்கழிவைக் கழுவாமலே போட்டிருந்தார்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பழுப்புச் சாயம் குறைந்த பிறகுதான் செடிக்குப் பயன்படுத்த வேண்டும். நட்ட தக்காளி, கத்தரி நாற்றெல்லாம் இலை ஓரம் கருகி ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பைகளும் வெயில் தாங்கும் ரகம் கிடையாது, பங்குனி வெயிலிலேயே மடிப்பில் பிளந்துகொண்டன. தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்த்து மாடித்தோட்ட கிட்டை மானிய விலையில் தருகிறது. தோட்டம்தான் வேண்டுமென்றால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த மழைக்கு எந்த மாடியும் ஒழுகும் என்று அந்த ஆள் பிறகு ஃபோனில் சொன்னார். எங்கள் எதிர்வீடும் அதே காலத்தில் அதே ஓடு பதித்துக் கட்டியதுதான், அங்கே ஒரு சொட்டு இறங்கவில்லை. எங்கள் மாடியில் பைகளில் இருந்து கரைந்த மண் பைப் வாயை அடைத்துக்கொண்டது. வழிய இடமில்லாமல் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. முன்பு ஒரு மூலையில் மட்டும் ஈரமாக இருந்த வீடு, அன்றைக்கு மூன்று அறையிலும் ஒழுகியது. ஹாலில் ஃபேன் கொக்கி வழியாகத் தண்ணீர் இறங்கி ஃபேன் மேலேயே சொட்டியது. உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் முதலில் அந்த அறையின் எம்சிபியை, அதாவது மெயின் போர்டில் அந்த அறைக்குக் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சை, இறக்கிவிடுங்கள். வாளி வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம். வயர் போகிற பைப்புக்குள் தண்ணீர் இறங்கினால் சுவிட்ச் போர்டு வரைக்கும் வந்துவிடும்.

மழை விட்ட பிறகு என் கணவர் மாடியில் ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறித் தூக்கினார். பூச்சு உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் பச்சைப் பாசியும் தூசியும். ஓட்டில் ஒட்ட வேண்டிய பூச்சு பாசியில் ஒட்டியிருக்கிறது. கழுவவே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்தத் துண்டுகளைக் கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறோம். மூலைகளில் வலையும் இல்லை. விரிசலை வெட்டித் திறக்காமல் மேலோடு பூசி மறைத்திருந்தார்கள்.

வாரண்டி கார்டை எடுத்துப் படித்தோம். பெரிய எழுத்தில் 10 வருடம். பின்பக்கம் பொடி எழுத்தில் "கட்டட விரிசல், இயற்கைச் சீற்றம், தண்ணீர் தேங்குதல் ஆகியவற்றுக்குப் பொருந்தாது. லேபர் சார்ஜ் தனி." மாடி ஒழுகுவதற்கு இந்த மூன்றைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும், சொல்லுங்கள். வாளியில் இருந்த கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு ஃபோன் போட்டுக் கேட்டோம். இந்த ஆள் அவர்களுடைய பட்டியலிலேயே இல்லை, அந்தக் கார்டும் அவர்கள் கொடுத்தது கிடையாது. இந்த ஒரு ஃபோனை வேலைக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் போடலாம், பைசா செலவில்லை.

எங்களுக்கு மிகவும் கோபம் வந்தது அடுத்து நடந்ததில்தான். நான்கு நாள் எடுக்காத ஃபோனை எடுத்து, "உள்ள இருந்து சீலிங்ல ஊசி போட்டு கெமிக்கல் ஏத்தணும் மேடம், இன்னொரு 28,000 ஆகும்" என்றார். தண்ணீர் மேலே இருந்து வருகிறது. மேலே அடைக்காமல் கீழே மட்டும் அடைத்தால், அது காங்கிரீட்டுக்கு உள்ளேயே தங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி உப்பும். உப்பினால் காங்கிரீட் வெடித்துக் காரையோடு பெயர்ந்து விழும். கீழே கட்டிலில் அத்தை படுத்திருப்பார். இதெல்லாம் தெரிந்தே ஒருவர் பணம் கேட்கிறார் என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

2025 சித்திரையில், தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, பக்கத்து ஊர்க் கொத்தனார் ஒருவரைப் பிடித்து வேலையைத் திரும்பச் செய்தோம். அவர் முதலில் செய்தது ஒரு சின்னச் சுத்தியலால் ஓடு ஓடாகத் தட்டிப் பார்த்ததுதான். கணீரென்று கேட்ட ஓட்டை விட்டுவிட்டார். 'டொக்'கென்று வெற்றுச் சத்தம் வந்த ஓடுகளைச் சாக்பீஸால் குறித்து, அவற்றை மட்டும் பெயர்த்துத் திரும்பப் பதித்தார். நாலு குடம் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தார். வாட்டம், அதாவது தண்ணீர் பைப் பக்கம் வழிந்து போக வைக்கும் சரிவு, செத்துப்போன இடத்தில் கலவை போட்டு வாட்டம் எடுத்தார். "வாட்டம் இல்லாத மாடிக்கு எந்த கெமிக்கலும் காவல் இல்லம்மா" என்றார். சுவர் மூலையில் சாய்வாகப் பூசி, வலை வைத்து, அதன் பிறகே பூச்சுக்கு வந்தார். பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பதற்கே கூலி தனியாக ஆனது. தண்ணீர் போக ஒரு பைப் போதாது என்று இன்னொன்றும் வைத்தோம்.

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் மனதில் வைப்பதென்றால் தண்ணீர் கட்டும் சோதனையை வையுங்கள். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு பைப் வாயைச் சாக்கும் மணலும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்து, 48 மணி நேரம் விட வேண்டும். வெயிலில் மட்டம் கொஞ்சம் குறைவது சகஜம். கீழே சீலிங்கில் ஈரம் தெரியக் கூடாது. கொத்தனார் தானாகவே இதைச் செய்தார், கூலியில் பாதியை அதற்குப் பிறகே வாங்கினார். வேலை மேல் நம்பிக்கை உள்ளவர் இதற்கு மறுப்பே சொல்ல மாட்டார். எங்களை ஏமாற்றியவரிடம் இதைக் கேட்டபோது "தளம் வெயிட் தாங்காது" என்றார். இரண்டு அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ. அவரே கொண்டுவந்து அடுக்கிய ஈரமண் பைகளின் பாரம் இதைவிட அதிகம்.

இப்போது தோட்டம் மறுபடி இருக்கிறது. பைகள் இரும்பு ஸ்டாண்டின் மேல், கீழே சுவரும் பீமும் போகிற வரிசையில். பைப் வாய்க்கு ஒரு வலை மூடி. வெண்டையும் கத்தரியும் காய்க்கின்றன.

புகார் விஷயம். வேலை செய்தவரின் முகவரிக்கு (அதைக் கண்டுபிடித்ததே பெரிய பாடு) பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். பதில் இல்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் போட்டோம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்றியவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கேளுங்கள், தமிழிலும் பேசலாம். பில் இல்லாவிட்டாலும் ஜிபே பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் பேச்சு, வாரண்டி கார்டு, படங்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம்.

ஒரே குறை உள்ள பலர் இருந்தால், ஆணையத்தின் அனுமதி வாங்கி எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே புகாராகக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் இதே பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். நீங்கள் அவர்களில் ஒருவர் என்றால் பழைய பூச்சை யாரும் சுரண்டி எறிவதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள், பெயர்ந்த துண்டு ஒன்றைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள், லேமினேட் செய்த அந்தக் கார்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.