ஆறாத காது சீழ்: சொட்டு மருந்தா, மாத்திரையா?

செவிப்பறையில் ஓட்டை விழுந்து, வாரக்கணக்கில் சீழ் வடியும் காதில் பெரும்பாலும் குடியிருப்பவை சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அமாக்ஸிசிலின் மாத்திரை சூடோமோனாஸிடம் எடுபடாது. அந்தக் கிருமிக்கு இயல்பிலேயே எதிர்ப்பு உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை எடுபடலாம். ஆனால் வயிறு, ரத்தம் என்று சுற்றி வருவதற்குள் மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான் மிஞ்சும். போகிற வழியில் குடல் பாக்டீரியாக்களுக்கும் எதிர்ப்பைப் பழக்கிவிடும்.

அதே மருந்தின் 0.3 சதவீதச் சொட்டில் மில்லிலிட்டருக்கு 3000 மைக்ரோகிராம்! சீழைச் சோதித்த லேப் ரிப்போர்ட்டில் வரும் 'ரெசிஸ்டன்ட்' (இந்த மருந்துக்குக் கிருமி அடங்காது) என்பது பொதுவாக ரத்தத்தில் எட்டும் அளவை வைத்துச் சொல்வது. அதனால் அப்படி வந்த கிருமியும் சொட்டுக்கு மடிவதுண்டு. என் ஓட்டு சொட்டுக்குத்தான். ஆனால் காதைச் சுத்தம் செய்து உலர்த்திய பிறகே விட வேண்டும். இல்லையென்றால் மருந்து சீழின் மேலேயே நின்றுவிடும். அப்புறம், ஜென்டாமைசின் சொட்டு வேண்டாம்: ஓட்டை வழியாக உட்செவிக்குப் போனால் கேட்கும் திறனுக்கே ஆபத்து.

காய்ச்சல், காதுக்குப் பின்னால் வீக்கம், தலைசுற்றல் என்றால் சொட்டு மட்டும் போதாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.