ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும் கொட்டில் கடை

லண்டன் ஹாரோவில் எங்கள் அலொட்மென்டின் (துண்டு துண்டாக வாடகைக்குக் கொடுக்கும் தோட்டக்காணியின்) வாசலில் பச்சைப் பெயின்ட் அடித்த தகரக் கொட்டில் ஒன்று இருக்கிறது. அதுதான் எங்களுக்கு விதை, கன்று, எரு விற்கும் கடை. பெயர்ப் பலகை இல்லை. பிப்ரவரி முதல் அக்டோபர் வரை ஞாயிறு காலை 10 மணிக்குத் திறந்து 12 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நடத்துவது தோட்டச் சங்கம், நிற்பவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காதவர்கள். ஐந்து வசந்த காலங்களாக அங்கே வாங்குகிறேன் என்பதால் எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலில் என் காணியைச் சொல்லிவிடுகிறேன். இங்கே அலொட்மென்டை இன்னமும் பழைய 'போல்' கணக்கில்தான் அளக்கிறார்கள். முழுத் துண்டு 10 போல், ஏறக்குறைய 250 சதுர மீட்டர். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காணிக் கணக்கில் அது ஒரு பரப்பு. அங்கேயும் 16 பரப்பு ஒரு ஏக்கர், இங்கேயும் 16 துண்டு ஒரு ஏக்கர். நான்கு வருடம் காத்திருந்து எனக்குக் கிடைத்தது அரைப் பரப்பு. அதுவும் லண்டன் களிமண். மழைக்குச் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும், வெயிலுக்கு ஓடு மாதிரி வெடிக்கும். அப்பாவின் செம்பாட்டு மண்ணில் வெறுங்காலோடு நடந்தவளுக்கு இது பெரிய தண்டனை.

சரி, கடைக்கு வருவோம். இதன் பெரிய நன்மை எண்ணி வாங்கலாம் என்பதுதான். வெளியே விதை உருளைக்கிழங்கு என்றால் 2 கிலோ வலைப்பை, எடுத்தால் எடு, விட்டால் விடு. என் வரிசை 4 மீட்டர். ஓர் அடிக்கு ஒரு கிழங்கு வைத்தால் 13 போதும். கொட்டிலில் மரப்பெட்டிகளில் வகைவகையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். ராக்கெட் 13, சார்லட் 13, கருகல் நோயைத் தாங்கும் சார்போ மீரா ஒரு பத்து என்று பொறுக்கிக் கடதாசிப் பையில் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் முட்டை அட்டையில் கண் உள்ள பக்கம் மேலே பார்க்க, வெளிச்சமான குளிர் அறையில் வைத்தால் ஒரு மாதத்தில் கட்டை முளை வரும். ராக்கெட்டை மார்ச் கடைசியில் நட்டு ஜூனில் கிண்டுகிறேன். ஊரில் கார்த்திகை மார்கழியில் நட்டதை இங்கே வசந்தத்தில் நடுகிறேன், மற்றபடி மண் அணைக்கிற வேலை அதேதான்.

இரண்டாவது நன்மை, விற்க மறுப்பது! கவுன்டரில் நிற்பவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், எழுபதைத் தாண்டியவர். 2021 ஏப்ரலில் நான் ஒரு பெரிய தோட்டக் கடையில் ஆறு தக்காளிக் கன்று வாங்கி, வெயிலைக் கண்ட மகிழ்ச்சியில் அன்றே நட்டுவிட்டேன். அந்த ஏப்ரல் அறுபது வருடங்களில் இல்லாத அளவுக்கு உறைபனி விழுந்த மாதம். மூன்றாம் நாள் காலை ஆறும் கீரைக்கறி மாதிரி அவிந்து கிடந்தன. கொட்டிலில் போய்த் தக்காளி கேட்டேன். "மே கடைசியில் வாருங்கள், அதற்கு முன்னால் தரமாட்டேன்" என்றார். காசை நீட்டியும் தரவில்லை. அப்போது கோபம்தான் வந்தது. மே கடைசியில் அவரிடம் வாங்கிய கன்றுகள் செப்டம்பர் வரை காய்த்தன.

ராஸ்பெரியிலும் அவர்தான் காப்பாற்றினார். வெறும் வேரோடு கட்டிய ராஸ்பெரித் தடிகள் குளிர் முடிவதற்குள் வரும். என்னுடையது ஓட்டம் பிளிஸ், இலையுதிர் காலத்தில் காய்க்கும் வகை. அதைப் பிப்ரவரியில் தரையோடு வெட்டவேண்டும். கோடையில் காய்க்கும் வகையை அப்படி வெட்டினால் அந்த வருடப் பழம் போச்சு. பக்கத்துக் காணிக்காரர் அதைத்தான் செய்தார். எனக்கு மட்டும் கவுன்டர்காரர் வெட்டும் முறையைப் பையிலேயே பென்சிலால் எழுதிக் கொடுத்திருந்தார்.

குறைகள் இல்லாமல் இல்லை. காசு மட்டும்தான் வாங்குவார்கள். கார்ட் மெஷின் ஒன்று வந்தது, தகரத்துக்குள் சிக்னல் இல்லை. விதை வெங்காயம் மார்ச் மூன்றாம் ஞாயிறுக்குள் தீர்ந்துவிடும். (நட்டதும் வலை போடுங்கள். பறவைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.) போன வருடம் வாங்கி வைத்திருந்த கொம்போஸ்ட் மண் படுமோசம், பாதி மரச்சிராய். என் மிளகாய் நாற்று மஞ்சளாகவே நின்றது. சொன்னபோது பையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை, காசைத் தந்துவிட்டார்கள். இந்த வருடம் வேறு வகை, இதுவரை குறையில்லை. கோழி எரு மணிகள் நல்லவை. நத்தைக்கு இப்போது இரும்புப் பொஸ்பேற் மணி மட்டும்தான். பழைய நீலவிஷம் 2022 வசந்தத்தோடு தடை.

எங்கள் விதைகள் எதுவும் இல்லை. பயற்றங்காய், பாகல் எல்லாம் கடிதத்தில் வந்தவை. ஆனால் வரிசையில் நின்றபோது ஒரு ஜமைக்கா அக்கா கலலூ என்று ஒரு பொட்டலம் தந்தார். பிரித்துப் பார்த்தால் நம்முடைய முளைக்கீரை விதை. பதிலுக்கு வெந்தயம் கொடுத்தேன்.

போக நினைப்பவர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குள், பத்து மணிக்கு முன்பே போய் நில்லுங்கள். சங்கத்தில் சேர வருடத்துக்கு 3 பவுண், சேர்ந்தால்தான் விற்பார்கள். சில்லறையும் சொந்தப் பையும் தேவை. வீட்டில் முட்டை அட்டை சேர்ந்திருந்தால் கொண்டுபோங்கள், அதற்கு ஒரு கோப்பை தேநீர் தருவார்கள்.